ஆசான் சொல்லும் இயந்திரத்தின் தீர்ப்பும்

பத்தாம் நூற்றாண்டின் பெரும் வரலாற்றாசிரியரான அல்-மஸ்ஊதீ, தமது 'முரூஜுத் தஹப்' என்னும் நூலில் இரண்டு ஆட்டங்களைப் பற்றிய ஒரு கருத்தைப் பதிவு செய்துள்ளார். சதுரங்கத்தைக் கண்டவன் மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டென்று நம்பியவன்; நர்து என்னும் பகடை ஆட்டத்தைக் கண்டவனோ யாவும் விதிவழியே நடக்கும், மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று நம்பியவன். இவ்வாறு அக்காலத்துச் சிந்தனையாளர் சிலர் கருதினராம். இறைவனின் ஏற்பாடும் மனிதனின் பொறுப்பும் எவ்வாறு பொருந்தும் என்பது பற்றி முஸ்லிம் உலகம் தீவிரமாக வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த வாதம் ஆட்டப் பலகைவரை வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

நர்து பாரசீக நாட்டுக்கு உரியது. இந்திய மன்னன் ஒருவன் சதுரங்கப் பலகையைப் பாரசீக அரசவைக்கு அனுப்பி, அதன் விதிகளைக் கண்டுரைக்குமாறு அறைகூவல் விடுத்தான் என்றும், அமைச்சர் புஸுர்ஜ்மிஹ்ர் அப்புதிரை அவிழ்த்ததோடு, மறுமொழியாக நர்தைப் படைத்து இந்தியாவுக்கு அனுப்பினார் என்றும் பழங்கதை கூறுகிறது. பஹ்லவி மொழியிலுள்ள சிறுநூல் ஒன்றிலும் ஃபிர்தௌஸியின் 'ஷாஹ்நாமா'விலும் அக்கதை இடம்பெற்றுள்ளது. பலகையின் 24 கட்டங்கள் ஒரு நாளின் மணிகள் என்றும், 30 காய்கள் மாதத்தின் நாட்கள் என்றும், பகடையின் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் வரும் ஏழு வாரத்தின் நாட்கள் என்றும் அக்காலத்தார் பொருள் கூறினர். காலம் உருள்கிறது, மனிதக் காய்கள் நகர்கின்றன, நகர்த்துவது பகடை. இதுவே அவர்கள் அந்தப் பலகையில் கண்ட தத்துவம்.

அந்த நர்தின் வழிவந்த ஆட்டமே இன்று உலகெங்கும் 'பேக்கமன்' என்ற பெயரில் வழங்குவது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த ஆட்டத்தில் ஒரு பெரிய சோதனை நடந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஆசான்கள் சொல்லிவந்த அறிவுரைகள் அனைத்தையும் கணிப்பொறி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துப் பார்த்தது. சில நின்றன, சில வீழ்ந்தன. முன்னோர் சொல்லை எவ்வாறு ஏற்பது, எவ்வாறு சோதிப்பது என்ற கேள்வி நம் அறிவுலகத்தில் மிகப் பழையது. அக்கேள்விக்கு இத்துணைத் தெளிவான விடை வேறு எத்துறையிலும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அதனாலேயே அதை இங்கு ஆராயத் துணிகிறோம்.

ஆராயுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் கடன். நர்து ஆடுவதை மிகக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழி 'ஸஹீஹ் முஸ்லி'மில் உள்ளது. இமாம்களுள் பெரும்பாலோர் அதனை விலக்கப்பட்டதாகவே கொண்டனர். ஆகவே இக்கட்டுரை எவரையும் அந்த ஆட்டத்துக்கு அழைக்கவில்லை. ஓர் ஆட்டத்தை ஆடுவது வேறு. மனித அறிவு அதில் எவ்வாறு தடுமாறியது, எவ்வாறு திருந்தியது என்று அறிவது வேறு.

ஆசான்களின் பாடம்

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொருவருக்கும் 15 காய்கள். இரண்டு பகடைகளை உருட்டி, விழுந்த எண்களுக்கேற்பக் காய்களை நகர்த்தித் தம் இல்லப் பகுதிக்குக் கொண்டுவந்து, பின்னர் பலகையை விட்டு முதலில் வெளியேற்றுபவர் வென்றவர். ஒரு கட்டத்தில் இரண்டு காய்கள் சேர்ந்திருந்தால் அந்தக் கட்டம் அவருடையது. எதிரி அங்கே இறங்க முடியாது. ஒரு காய் தனித்திருந்தால் எதிரி அதை வெட்டலாம். வெட்டுண்ட காய் தொடக்கத்திலிருந்து மீண்டும் வரவேண்டும். நம் தாயக்கட்டத்தில் வெட்டுண்ட காயின் கதியை அறிந்தோர் இதனை எளிதில் புரிந்துகொள்வர். வேறுபாடு என்னவெனில், தாயத்தில் உள்ளதைவிடப் பேக்கமனில் ஒவ்வோர் எண்ணையும் ஆடத்தக்க வழிகள் மிகப் பல. விழும் எண் நம் கையில் இல்லை; அதைக் கொண்டு என்ன செய்வது என்பது நம் கையில் உண்டு.

இந்த 'என்ன செய்வது' என்பதைப் பற்றிய அறிவுரைகளே ஆசான்களின் பாடம். இங்கிலாந்தில் எட்மண்ட் ஹொய்ல் 1743-இல் இந்த ஆட்டத்துக்கென ஒரு சிறுநூல் வெளியிட்டார். இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளையும் கணக்கிட்டு, தனித்த காய் எத்தனை கட்டத் தொலைவில் இருந்தால் வெட்டுண்ண எவ்வளவு வாய்ப்பு என்று அவர் கற்பித்தார். எடுத்துக்காட்டாக, எதிரிக்கு ஆறு கட்டத் தொலைவில், இடையே தடையின்றி நிற்கும் தனிக்காயை 36-இல் 17 வகை வீச்சுகள் வெட்டும்.

1920-களில் நியூயார்க்கில் பந்தயத்தை இருமடங்காக்கும் கட்டை புகுத்தப்பட்டது. ஆட்டம் புதுவேகம் பெற்றது. 1970-இல் ஆஸ்வால்ட் ஜேகோபியும் ஜான் கிராஃபர்டும் சேர்ந்து எழுதிய நூலும், 1976-இல் கணிதப் பேராசிரியரான பால் மேக்ரியல் எழுதிய நூலும் அக்கலையின் பாடநூல்களாயின. மேக்ரியல் 1978-இல் உலகப் பட்டமும் வென்றார். அவர் நூலைக் கற்றவர் அதன் சொல்லை ஏறத்தாழச் சட்டமாகவே கொண்டனர்.

கணிப்பொறி வந்த கதை

1979-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மாண்டி கார்லோ நகரில் ஒரு போட்டி நடந்தது. ஒருபுறம் அப்போதுதான் உலகப் பட்டம் வென்ற இத்தாலியரான லூயிஜி வில்லா. மறுபுறம் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பெர்லினர் உருவாக்கிய 'பி.கே.ஜி. 9.8' என்ற நிரல். ஏழு புள்ளிகளுக்கான அப்போட்டியில் நிரல் 7-1 என்று வென்றது. உலகம் வியந்தது. ஆயினும் பின்னர் ஆட்டங்களைப் பகுத்து ஆராய்ந்தபோது, வில்லாவே நுட்பமாக ஆடினார் என்பதும், நிரலுக்குப் பகடை துணைநின்றது என்பதும் வெளிப்பட்டன. இதை மறைக்காமல் எழுதியவர் வேறு எவருமல்லர், பெர்லினரே. வென்ற கட்சிக்காரர் ஒருவர், வெற்றி தம் திறமைக்குச் சான்றாகாது என்று தாமே அறிவித்த அந்த நேர்மை நினைவில் கொள்ளத்தக்கது.

உண்மையான திருப்பம் அதன்பின் வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் ஜெரால்டு டெசௌரோ முதலில் 'நியூரோகாமன்' என்னும் நிரலை ஆக்கினார். மனித வல்லுநரின் தேர்வுகளைப் பார்த்துப் பழகிய அது 1989-இல் லண்டனில் நடந்த முதல் கணிப்பொறி ஒலிம்பியாடில் வென்றது. அடுத்து அவர் வேறு வழியில் சென்றார். ஆட்டத்தின் விதிகளை மட்டும் கொடுத்து, நிரலைத் தன்னோடு தானே ஆடவிட்டார். ஒவ்வோர் அடியிலும் தன் கணிப்புக்கும் அடுத்த நிலையின் கணிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு அது தன்னைத் திருத்திக்கொண்டது. 'டி.டி.-காமன்' என்னும் அந்நிரலின் முதற் பதிப்பு 3 இலட்சம் ஆட்டங்கள் தன்னோடு ஆடிப் பழகியது. பின்வந்த ஒரு பதிப்பு 15 இலட்சம் ஆட்டங்கள் ஆடிற்று. 1983-லும் 1987-லும் உலகப் பட்டம் வென்ற பில் ராபர்ட்டியுடன் அப்பதிப்பு 40 ஆட்டங்கள் ஆடி, மொத்தத்தில் ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் தோற்றது. மனிதரில் தலைசிறந்தவருக்கு அது ஏறத்தாழ நிகராகிவிட்டது.

அதன் வழியில் ஜெல்லிஃபிஷ், ஸ்னோவி, க்னூ பேக்கமன், எக்ஸ்ட்ரீம் காமன் என்று நிரல்கள் தொடர்ந்தன. இன்று எந்த நிலையைக் கொடுத்தாலும், அதிலிருந்து ஆயிரக்கணக்கான முறை பகடை உருட்டி இறுதிவரை ஆடிப் பார்த்து, இந்த நகர்த்தல் சராசரியாக இவ்வளவு ஈட்டும், அது இவ்வளவு இழக்கும் என்று கணக்குச் சொல்கின்றன.

வீழ்ந்ததும் நின்றதும்

வீழ்ந்தவற்றுள் புகழ்பெற்றது ஒன்றை மட்டும் பார்ப்போம். ஆட்டத் தொடக்கத்தில் 4-1 விழுந்தால் என்ன செய்வது? நான்கைக் கொண்டு நடுப்பகுதியிலிருந்து ஒரு காயை இறக்குவதில் கருத்து வேறுபாடு இல்லை. ஒன்றைப் பற்றித்தான் கேள்வி. தம் இல்லப் பகுதியின் ஐந்தாம் கட்டத்தில் ஒரு தனிக்காயைத் துணிந்து வைக்கவேண்டும் என்பது அக்கால வல்லுநர்களின் வழக்கம். எதிரி வெட்டாவிட்டால் அடுத்த முறை இன்னொரு காயைச் சேர்த்து அந்த அருமையான கட்டத்தைப் பிடித்துவிடலாம் என்பது அவர்களின் எண்ணம். எதிரி வெட்டும் வாய்ப்பு 36-இல் 15. எனவே பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் எண்ணம் பலிக்கும்.

டி.டி.-காமன் வேறொன்றைத் தேர்ந்தது. ஐந்தாம் கட்டத்தைத் தொடாமல், எதிரியின் பகுதியில் பின்தங்கியிருக்கும் இரண்டு காய்களில் ஒன்றை ஒரு கட்டம் முன்னே நகர்த்தியது. வல்லுநர்கள் முதலில் ஐயுற்றனர். பின்னர் ஆயிரக்கணக்கில் ஆடிப் பார்த்துச் சோதித்தனர். இயந்திரத்தின் தேர்வே சற்று மேம்பட்டது என்று தெரிந்தது. ஏறத்தாழ முப்பதாண்டு வழக்கம் சில ஆண்டுகளில் மாறிவிட்டது. 5-1 விழும்போதும் அவ்வாறே. ஆயினும் 2-1 விழும்போது பழைய முறையும் புதிய முறையும் ஏறத்தாழச் சமமாகவே நிற்கின்றன. பழைய வழக்கம் முற்றிலும் பொய் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

நின்றவையோ மிகப் பல. தொடக்கத்தில் 3-1 விழுந்தால் ஐந்தாம் கட்டத்தையும், 6-1 விழுந்தால் ஏழாம் கட்டத்தையும் பிடிக்க வேண்டும். 6-5 விழுந்தால் பின்தங்கிய காய் ஒன்றை ஓட்டிப் பாதுகாப்பான இடம் சேர்க்க வேண்டும். இவை ஹொய்ல் காலத்திலேயே சொல்லப்பட்டவை. ஏறத்தாழ 280 ஆண்டுகள் கழித்து, எண்ணற்ற ஆட்டங்களை ஆடிப் பார்த்த இயந்திரமும் அவற்றையே சொல்கிறது. மேக்ரியல் துணிவையும் பாதுகாப்பையும் பற்றி வகுத்த நெறிகளும் அவ்வாறே. எதிரியின் இல்லப் பகுதி வலுவாயிருந்தால் வெட்டுண்டவர் மீள்வது கடினம். ஆகவே காத்து ஆடுக. எதிரியின் பகுதியில் உமக்கு ஓர் உறுதியான கட்டம் இருந்தால் வெட்டுண்டாலும் திரும்பி வர இடமுண்டு. ஆகவே துணிந்து ஆடுக. இந்நெறிகளை இயந்திரம் பொய்யாக்கவில்லை. அவற்றை நிறுக்கும் தராசைத்தான் அது இன்னும் நுண்மையாக்கியது.

ஏன் தவறினர்?

அறிவிற் சிறந்த அந்த வல்லுநர்கள் 4-1 விஷயத்தில் ஏன் தவறினர்? சோம்பலா, ஆணவமா? இரண்டுமல்ல. ஒரு சிறு கணக்குப் போட்டால் உண்மை விளங்கும்.

ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சு 15 வகைப்படும்; தொடங்குபவர் இருவரில் ஒருவர். எனவே ஒருவருக்குத் தொடக்கத்தில் 4-1 விழுவது சராசரியாக 30 ஆட்டங்களுக்கு ஒருமுறை. நாள்தோறும் பத்து ஆட்டங்கள் வீதம் முப்பது ஆண்டுகள் ஒருவர் ஆடினாலும் அவருக்கு அந்த நிலை ஏறத்தாழ 3,600 முறையே வாய்க்கும். பாதியில் பழைய முறையையும் பாதியில் புதிய முறையையும் ஆடிப் பார்த்து, ஒவ்வொன்றின் விளைவையும் ஏட்டில் குறித்து வைத்தாலும், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு புள்ளியில் நூற்றில் சில பங்கே. பகடையின் ஏற்ற இறக்கம் அந்தச் சிறு வேறுபாட்டை விழுங்கிவிடும். ஆக, ஓர் ஆயுள் முழுவதும் கண்ணுங் கருத்துமாக ஆடியவராலும் அதை உறுதியாக அறிந்திருக்க இயலாது. ஆசான்கள் தவறியது அறிவுக் குறைவால் அன்று, ஆயுட் குறைவால்.

இங்கே இன்னொன்றும் உண்டு. மனித நினைவு எல்லாவற்றையும் சமமாகச் சேமிப்பதில்லை. துணிந்து வைத்த தனிக்காய் தப்பி, அடுத்த வீச்சில் கட்டம் அமைந்து, அந்த ஆட்டமே வெற்றியில் முடிந்தால் அது நெஞ்சில் பதிகிறது. காயை ஒரு கட்டம் மெல்ல நகர்த்தியதனால் எங்கோ இருபது அடி கழித்து விளைந்த சிறு நன்மையை எவர் நினைவில் வைப்பார்? விளைவைக் கண்டே வழியை மதிப்பிடுவது மனித இயல்பு. அந்த இயல்பே வழக்கத்தை ஆக்குகிறது. வழக்கம் நாளடைவில் விதியாகிவிடுகிறது.

காரணமும் முடிவும்

இப்போது நின்றவற்றையும் வீழ்ந்தவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேற்றுமை தெரிகிறது. ஆசான்கள் எங்கெல்லாம் காரணத்தைச் சொல்லி வழிகாட்டினரோ, அங்கெல்லாம் அக்காரணம் பெரும்பாலும் நின்றது. எங்கெல்லாம் முடிவை மட்டும் மனப்பாடமாகக் கொடுத்தனரோ, அங்கேதான் திருத்தம் வேண்டியிருந்தது. 4-1 விஷயத்திலும், ஐந்தாம் கட்டம் அருமையானது என்ற காரணம் பொய்யாகவில்லை. 3-1 விழுந்தால் இயந்திரமும் அந்தக் கட்டத்தையே பிடிக்கிறது. பொருளின் மதிப்பை ஆசான்கள் சரியாகவே அறிந்திருந்தனர். அதற்குக் கொடுக்கத் தகும் விலையில்தான் சற்றுப் பிசகினர்.

ஃபிக்ஹுக் கலையைக் கற்றோருக்கு இது புதிய செய்தியன்று. ஒரு சட்டத்தின் முடிவு வேறு, அம்முடிவுக்கு அடிப்படையான 'இல்லத்' என்னும் காரணம் வேறு என்று அக்கலை பிரித்தறிகிறது. காரணத்தை அறிந்தவரே புதிய நிலைமை வந்தபோது இஜ்திஹாத் செய்யும் தகுதி பெறுகிறார். முடிவை மட்டும் அறிந்தவர் தக்லீது செய்கிறார். தக்லீது செய்வது குற்றமன்று. எல்லோரும் முஜ்தஹிதாக இயலாது. ஆயினும் தாம் ஒருவரைப் பின்பற்றுகிறோம், தாமே அறிந்து சொல்லவில்லை என்ற உணர்வு அவரிடம் இருத்தல் வேண்டும். அந்த உணர்வு போய்விட்டால் பின்பற்றுதல் பிடிவாதமாகிவிடும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்கள் நர்தையும் சதுரங்கத்தையும் வேறுபடுத்தியபோது, சதுரங்கம் சிந்தனையைச் சார்ந்தது, நர்து பகடையைச் சார்ந்தது என்று காரணம் கூறினர். நர்திலும் சிந்தனைக்குப் பெரும்பங்கு உண்டென்று இயந்திரம் காட்டிவிட்டதே, அப்படியானால் அதன் சட்டமும் மாறுமா என்று ஒருவர் வினவக்கூடும். அவ்வாறு கொள்வதற்கில்லை. ஆட்ட ஆசானின் சொல் அனுபவத்தில் பிறந்தது. ஆகவே அதைவிடப் பெரிய அனுபவம் அதைத் திருத்தலாம். நர்தைப் பற்றிய விலக்கோ முதலில் நபிமொழியை ஆதாரமாகக் கொண்டது. அறிஞர் கூறிய காரணம் பின்னர் வந்த விளக்கம். மேலும், திறமை வெளிப்படுவது ஆயிரம் ஆட்டங்களின் சராசரியில். ஒரே ஓர் ஆட்டத்தில் பகடையே இன்றும் பெரும்பாலும் வெல்கிறது. அந்த ஓர் ஆட்டத்தில்தான் பந்தயப் பணம் கைமாறுகிறது. சட்டத்தைப் பற்றிய இறுதிச் சொல் மார்க்க அறிஞர்களுக்கு உரியது. எந்தச் சொல் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று பிரித்தறிவதே நமக்கு வேண்டியது. எல்லாப் பழஞ்சொற்களையும் ஒரே தராசில் இடுவது ஆராய்ச்சி ஆகாது.

புதிய தக்லீது

ஆசான்களைப் பின்பற்றிய காலம் போயிற்று. இனி எவரையும் பின்பற்ற வேண்டுவதில்லை என்று எண்ணுவோர் ஏமாறுவர். இன்று ஆட்டக்காரர் ஆசானை விட்டு இயந்திரத்தைப் பின்பற்றுகின்றனர். ஆசானாவது கேட்டால் காரணம் சொல்வார். இயந்திரம் எண்ணைக் காட்டிவிட்டு வாய்மூடிக் கொள்கிறது. இந்த நகர்த்தல் அதைவிட இவ்வளவு மேல் என்பது அதன் தீர்ப்பு. ஏன் என்பதற்கு அதனிடம் மொழியில்லை. அந்த 'ஏன்' என்பதைத் தேடி விளக்கம் எழுதுவோர் இன்றும் மனிதர்களே. விளக்கத்தைத் தேடாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்பவர், சற்றே மாறிய நிலை வந்தால் திகைத்து நிற்கிறார்.

இயந்திரமும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. டி.டி.-காமன் பலகை முழுதும் சிக்கலாய்க் கிடக்கும் நிலைகளில் வல்லுநர்களை வியக்க வைத்தது. கணக்கிட்டுத் தீர்க்கக்கூடிய கடைசிக் கட்டங்களிலோ பிசகியது. பல காய்கள் பின்தங்கி நிற்கும் அரிய நிலைகளில் பின்வந்த நிரல்களும் தடுமாறின. தம்மோடு தாமே ஆடிய ஆட்டங்களில் அத்தகைய நிலைகள் அரிதாகவே வந்தன. வாராததை அவை கற்கவில்லை. இதிலும் இயந்திரம் ஆசானை ஒத்திருக்கிறது. இருவரின் அறிவும் கண்ட அளவே.

மற்றொன்றையும் மறத்தலாகாது. விதிகளை மட்டும் கொடுத்துத் தனியே பழகவிட்ட நிரல் வியக்கத்தக்க அளவு தேறியது உண்மை. ஆயினும் உலக வீரர்களுக்கு நிகராக ஆடிய பதிப்புகளில், நிலைகளை நோக்கும் முறைக்கென மனிதர் வகுத்த கருத்துகளும் சேர்க்கப்பட்டிருந்தன. அரணின் வலிமை, தனிக்காய்க்குள்ள ஆபத்து போன்றவை ஆசான்கள் நெடுங்காலம் ஆடி உணர்ந்து பெயரிட்டவை. ஆசான்களைத் திருத்திய இயந்திரம் அவர்களின் தோள்மேல் நின்றே திருத்தியது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'அல்முன்கித் மினள் ளலால்' என்னும் நூலில் கணிதத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு தீங்குகளைச் சுட்டுகிறார். கணிதத்தின் துல்லியத்தைக் கண்டு மயங்கியவன், கணிதம் வல்ல தத்துவவாதிகள் இறையியலில் சொல்வதும் அவ்வாறே துல்லியமானது என்று நம்பிவிடுகிறான். ஒரு கலையில் வல்லவன் எல்லாக் கலையிலும் வல்லவனாக வேண்டியதில்லை என்பதை அவன் உணர்வதில்லை. இது முதல் தீங்கு. மார்க்கத்துக்குத் துணைசெய்வதாக எண்ணும் அறியாதவன் ஒருவன், அவர்களின் கணிதத்தையும் கிரகணக் கணக்கையும்கூட மறுத்துவிடுகிறான். மெய்யான கணக்கை அறிந்தவர் முன் அவன் மார்க்கத்தையே நகைப்புக்கு இடமாக்குகிறான். இது இரண்டாம் தீங்கு.

ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அவ்வெச்சரிக்கை இன்றைய கணிப்பொறிக்கும் சற்றும் குறையாமல் பொருந்துகிறது. 4-1 விழுந்தால் எதை ஆடுவது என்பதில் இயந்திரம் நிறுவியதை, ஆசான்மீது கொண்ட பக்தியால் மறுப்பது இரண்டாம் தீங்கின் இனம். பலகையில் அது துல்லியமாயிருக்கக் கண்டு, வாழ்க்கையின் எல்லாக் கேள்விகளிலும் அதன் சொல்லைத் துல்லியமென்று கொள்வது முதல் தீங்கின் இனம். பலகையின் விதிகள் முழுமையானவை. பகடையின் முகங்கள் ஆறே. வெற்றி எது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு நோயாளிக்கு எந்தச் சிகிச்சை, ஒரு விண்ணப்பதாரருக்கு வேலை தருவதா, ஓர் ஏழைக்குக் கடன் தருவதா என்ற கேள்விகளில் இன்று கணிப்பொறியின் கணிப்புகள் புகுந்துவிட்டன. அங்கே முகங்கள் எத்தனை என்று எவருக்கும் தெரியாது. எது வெற்றி என்பதிலேயே மனிதர் வேறுபடுகின்றனர். காரணம் சொல்லாத தீர்ப்பு பலகையில் ஒரு காயை இழக்கச் செய்யும். அங்கேயோ ஒரு மனிதனுக்கு அநீதி இழைத்துவிடும். தீர்ப்புக்கு உள்ளானவன் 'ஏன்' என்று கேட்கவும், தீர்ப்பளித்தவர் விடை சொல்லவும் கடமைப்பட்ட ஒழுங்கை இயந்திரத்தின் பெயரால் கைவிட்டுவிட முடியாது.

பகடையும் பொறுப்பும்

அல்-மஸ்ஊதீ பதிவு செய்த கருத்துக்குத் திரும்புவோம். நர்து, மனித முயற்சிக்கு இடமில்லை என்று கற்பிக்கும் ஆட்டமா? இன்றைய நிரல்கள் ஆடி முடிந்த போட்டியைப் பகுத்து இரண்டு தனிக் கணக்குகள் தருகின்றன. பகடையால் ஒருவர் அடைந்த ஏற்றமும் இறக்கமும் ஒரு கணக்கு. அவருடைய தேர்வுகளால் அவர் இழந்தது இன்னொரு கணக்கு. வென்றவர் பிழைமலிய ஆடியிருக்கலாம். தோற்றவர் குறையின்றி ஆடியிருக்கலாம். மாண்டி கார்லோவில் வில்லாவுக்கு நேர்ந்தது அதுவே. வெளிப்பார்வைக்கு ஒன்றாய்த் தோன்றும் வெற்றி தோல்வியில் கொடுக்கப்பட்டது எது, செய்யப்பட்டது எது என்று இயந்திரம் பிரித்துக் காட்டிவிட்டது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு போதிக்கும் நபிமொழியை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். கட்டுவது நம் கணக்கு. கட்டியபின் நேர்வது நம் கணக்கன்று. ஆனால் உலக வழக்கில் நாம் எவ்வாறு நடக்கிறோம்? கட்டாத ஒட்டகம் தற்செயலாய்த் திரும்பி வந்தால் அதன் உடையவனைக் கெட்டிக்காரன் என்கிறோம். கட்டிய ஒட்டகம் களவு போனால் அவனை ஏமாளி என்கிறோம். வணிகத்தில் ஓங்கியவனின் ஒவ்வொரு பழக்கமும் பாடமாகிறது; நேர்மையும் நிதானமுமாய் உழைத்து நொடித்தவனின் வழி எவருக்கும் பாடமாவதில்லை. ஆட்ட ஆசான்களை 4-1 விஷயத்தில் வழிதவறச் செய்த அதே குறை, இங்கே மனிதரை மதிப்பதில் நம்மை வழிதவறச் செய்கிறது. ஆசான்களுக்கு அதனால் நேர்ந்த நட்டம் ஒரு புள்ளியில் நூற்றில் சில பங்கு. நமக்கு நேர்வதோ, நல்லவன் ஒருவனைத் தோற்றவன் என்பதற்காகவே இகழ்ந்துவிடும் பாவம்.

பலகையில் இரண்டு கணக்கையும் பிரித்துக்காட்ட இயந்திரம் உண்டு. வாழ்க்கையில் அவ்வாறு பிரிப்பதற்கு நம்மிடம் கருவி இல்லை. எத்தனை ஆயிரம் முறையும் திரும்ப ஆடிப் பார்க்க ஒருவருக்கும் இரண்டாம் ஆயுள் இல்லை. அந்தக் கணக்கைத் துல்லியமாக அறிந்தவன் இறைவன் ஒருவனே. ஆகவே பிறர் வாழ்வின் விளைவைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும்போது நாம் தயங்க வேண்டும். நம் தேர்வுக்கு நாமே காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் தயக்கமின்றிக் கணக்குக் கொடுக்க வேண்டும். முன்னோரிடமிருந்து நாம் பெறுவதும், பின்வருவோருக்கு நாம் விட்டுச் செல்வதும் முடிவுகளின் பட்டியலாக மட்டும் இராமல் காரணங்களோடு கூடியதாக இருக்கட்டும். முடிவில் பிழை இருந்தால் காரணத்தைக் கொண்டு பின்வருவோர் அதைத் திருத்திக்கொள்வர். அப்போதும் அவர்கள் நம்மை நன்றியோடுதான் நினைப்பர்.